சாமிக் கிடா தின்ற தழை

"சுபானு வருஷம், கார்த்திகை. இண்டூருக்கு மேற்கே ஏரிக்கரைப் பட்டி. தாடை வீக்கம், கண் வெளுப்பு. துத்தம் கையிருப்பில் இல்லை. தழை சொல்லியிருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை."

இது என் கைக்குறிப்பு. இங்கிலீஷ் கணக்கில் 1943-இன் கடைசி. இதே விஷயமாக எங்கள் டாக்டர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலும் என்னிடம் இருக்கிறது. அதில் 'நவம்பர் தொடக்கம்' என்று கண்டிருக்கிறது. நவம்பர் தொடக்கம் என்றால் ஐப்பசி. கார்த்திகை பிறக்க இன்னும் நாள் இருக்கும். இரண்டும் சரியாக இருக்க முடியாது. பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பார்த்தேன், தீரவில்லை. ஐப்பசியின் கடைசி அல்லது கார்த்திகையின் முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது என்பதில் மட்டும் இரண்டு தாள்களுக்கும் சண்டையில்லை.

கால்நடை மருந்தகங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "தழை கொடுத்தால் ஆட்டுக் குடற்புழு போகும் என்று ஊரில் சொல்கிறார்களே, அது உண்மையா ஐயா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" பார்த்திருக்கிறேன். எதைப் பார்த்தேன் என்பதில்தான் இன்றைக்கும் குழப்பம். அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

யுத்த காலம் அது. புழுவுக்கு எங்களிடம் இருந்த ஒரே மருந்து மயில்துத்தக் கரைசல். அளவு தவறினால் ஆட்டையே கொன்றுவிடும், ஆனாலும் அதுதான் மருந்து. அந்த ஆண்டு அதுவும் வரவில்லை. கேட்டு எழுதிய தாள்கள் 'இருப்பு இல்லை' என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்தன. நான் அப்போது தருமபுரியில் கம்பவுண்டர். கம்பவுண்டர் என்றால் ஊர் ஊராகச் சைக்கிளில் போவதும் அதில் அடக்கம்.

இண்டூர்ப் பக்கம் ஆடுகள் சாகின்றன என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போனபோது மூங்கில் தட்டியால் வளைத்த பட்டிக்குள் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. செம்மறிகள். எல்லாம் அந்தச் செந்தவிட்டு நிறம். கீழ் இமையைப் புரட்டிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம்போல் வெளுத்திருந்தது. சில ஆடுகளுக்குத் தாடையின் கீழே நீர் கோத்துத் தொங்கியது. வயிற்றில் புழு உட்கார்ந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

பட்டியின் வாசலில் இரண்டு பேர் வாக்குவாதத்தில் இருந்தார்கள். ஒருவர் பாலக்கோட்டிலிருந்து வந்த ஆட்டு வியாபாரி. பட்டாளத்துக்குக் கறி வாங்கும் கான்டிராக்டருக்காக மந்தை மந்தையாக ஓட்டிக்கொண்டிருந்தவர். மற்றவர் மாதம்மா, பட்டிக்காரி. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். அவளுடைய கணவன் பட்டாளத்தின் ரோடு வேலைக்கு ஆள் எடுத்தபோது போனவன், எங்கோ அஸ்ஸாம் பக்கம் இருந்தான். ஆடுகளை அவளும் கொழுந்தன் பீரப்பனும் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னிக்கு நின்னுக்கிட்டிருக்குற ஆட்டுக்குத்தான் வெல சொல்றேன். நாளைக்குப் படுத்ததுக்கு தோல் வெலதான்" என்றார் வியாபாரி.

"வூட்டு ஆம்பள திரும்பி வந்து பட்டி எங்கடின்னு கேட்டா, நீங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள் மாதம்மா. பிறகு என் பையைப் பார்த்தாள். "ஏனுங்க கம்பவுண்டரு, அதுல என்னங்க இருக்குது?"

பையில் காயத்துக்குப் போடும் எண்ணெயும் பஞ்சும் இருந்தன. புழு மருந்து இல்லை என்று சொன்னேன்.

"அப்ப எதுக்குங்க சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்தீங்க?"

வியாபாரி சிரித்தார். நியாயமான கேள்விதான், எனக்குக் கோபம் வரவில்லை. கார்த்திகை தீபம் கழிந்து திரும்ப வருவதாகவும், அதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வியாபாரி போனார்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவருடைய பெயர் வேண்டாம். நிறையப் படித்தவர், படித்ததை நம்புவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்பவர். கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்ணு கவனிச்சியாய்யா? ஏரிக்குக் கீழ மேயுற மந்தைதான் வருஷா வருஷம் சாவுது. கரட்டுக் குன்னு மேல வெள்வேலு, விடத்தலை முள்ளுமரத் தழையத் தின்னுக்கிட்டுத் திரியுற மந்தை அவ்வளவா சாகல. ஏன்?"

"தழையிலே மருந்து இருக்கலாமுங்க."

"இருக்கலாம். அந்தத் தழையக் கடிச்சுப் பாரு, நாக்கு மடங்கிடும். தோல் பதம் போடுற ஆவாரம்பட்டையில இருக்குற அதே துவர்ப்பு. தோலையே இறுக்குற சாமான் புழுவச் சும்மா விடுமா? ஆனா இன்னொண்ணும் இருக்கலாம். புழுக்குஞ்சு ஈரப்புல்லு நுனியிலதான் ஏறி உக்காந்திருக்கும். கரட்டு மேல ஈரமும் இல்ல, புல்லும் இல்ல. தழைய அண்ணாந்து தின்னுற ஆட்டு வாயில புழு எப்படிப் போகும்? அப்படின்னா தழை மருந்தே இல்ல. வெறும் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்."

"எதுங்க சரி?"

"தெரிஞ்சா உன்னோட ஏன் பேசிக்கிட்டிருக்கேன்?"

எதுவானாலும் ஆடுகளைக் கரட்டுக்கு ஏற்றச் சொல் என்றார். பொம்மிடிப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருந்ததால் அன்று மாலையே அங்கே புறப்பட்டுவிட்டார். திரும்பி வர எத்தனை நாளாகும் என்று அவருக்கே தெரியாது.

நான் திரும்ப ஏரிக்கரைக்குப் போனேன். ஆடுகளைக் கரட்டுக்கு ஓட்டு என்று சொல்வது எளிது என்றுதான் எண்ணிப் போனேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஆடுகள் ஏற்கெனவே ஒரு வாக்கில் கட்டுண்டிருந்தன. ஏரிக்குக் கீழே வயல் வைத்திருந்த சின்னசாமிக் கவுண்டர், தம் வயலில் ஆட்டுப்பட்டி போடுவதற்கு முன்கூட்டியே ராகி கொடுத்திருந்தார். உங்களுக்குத் தெரியும், பட்டி போடுவது என்றால் பகலில் அக்கம்பக்கத்தில் மேய்த்து இரவில் வயலில் அடைப்பது. எரு வயலுக்கு, தானியம் பட்டிக்காரருக்கு. ராகியை மாதம்மா வீட்டில் சாப்பிட்டாயிற்று.

கவுண்டர் வயலில் நின்றுகொண்டே பேசினார். கெட்டவர் அல்லர். அவருக்கும் மழை விட்டதும் வயலைத் தயார் செய்ய வேண்டும்.

"ஏம்மா மாதம்மா, ராகி வாங்குனது முழுப் பட்டிக்கு. இப்ப மேல ஓட்டிக்கிட்டுப் போறன்னா என் வயலுக்கு எருவு யாரு போடுவா? கம்பவுண்டரா வந்து படுப்பாரு?"

"சாவுற ஆட்டுல எருவு எங்கிருந்துங்க வரும், கவுண்டரே?"

"அதுக்குன்னு வாக்கு இல்லையா?"

"வாக்கு இருக்குதுங்க. பாதி ஆடு கீழ நிக்கட்டும், பாதி மேல போகட்டும். குறையற எருவுக்கு நாளக் கூட்டிப் போட்டுடறனுங்க."

கவுண்டர் யோசித்து, "கழியுற ஆடா பாத்து என் வயல்ல விட்டுறாத" என்றார்.

"நல்லதா பாத்து எடுத்துக்கங்க, கழியறத நான் கரட்டுல ஏத்தி உருட்டி விடறேன்" என்றாள் மாதம்மா. அந்த நிலைமையிலும் கவுண்டர் சிரித்துவிட்டார்.

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். டாக்டரின் இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுபிடிக்க வழி தானாக வந்திருக்கிறது என்று தோன்றியது. பாதி ஆடு மேலே: ஈரப்புல் கிடையாது, தழை மட்டும். பாதி ஆடு கீழே: எப்போதும்போல ஈரப்புல். கீழே இருப்பவற்றில் சிலவற்றுக்கு மட்டும் பிறகு தழையை வெட்டி வந்து கொடுத்துப் பார்க்கலாம். ஈரப்புல் தின்றும் அவை தேறினால் தழையில் மருந்து இருக்கிறது. தேறாவிட்டால் இல்லை. படித்த மனிதர் திரும்பி வரும்போது விடையோடு நிற்கலாம் என்று நினைத்தேன்.

தட்டியில் ஓராள் அகலத்துக்கு வழி விட்டு ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே விடச் சொன்னேன். ஒன்று மேலுக்கு, ஒன்று கீழுக்கு. பால்குடிக்கும் குட்டி மட்டும் தாயோடு. நல்லதும் மோசமானதும் இரண்டு பக்கமும் கலந்து விழுந்தன. கவுண்டர் தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டார். பீரப்பன் மேலுக்குப் போனவற்றின் முதுகில் சுண்ணாம்பு தடவினான். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

கடைசியாக ஒரு பெரிய கிடா வந்தது. கழுத்தில் மணி, கொம்பில் மஞ்சள் துணி. கீழுக்குப் போக வேண்டிய முறை. நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!" என்று மாதம்மா கத்தினாள். "அது தேவரு கிடா."

அவர்கள் கன்னடத்தில் தேவரு என்றால் சாமி. கணவன் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று அவள் குலசாமிக்கு நேர்ந்து விட்ட கிடா. அவன் வரும்வரை அதைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, போகிற வழியில் குறுக்கே நிற்கக்கூடாது. அது போவது சாமி போவது.

"சரிம்மா, அது மட்டும் இஷ்டப்படி திரியட்டும்" என்றேன். ஒரு கிடாவால் என்ன ஆகிவிடும்?

என்ன ஆயிற்று என்றால், அந்தக் கிடா காலையில் கீழே ஏரிப்புல் மேய்ந்தது. வெயில் ஏறியதும் தானாகக் கரட்டுக்கு ஏறித் தழை தின்றது. மாலையில் இறங்கி வந்தது. அதன் மணிச்சத்தம் கேட்டே பழகிய கீழ் மந்தையில் பாதிக்கு மேல் அதன் பின்னாலேயே ஏறி இறங்கின. பின்னால் போகிற ஆட்டைத் திருப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"சாமி கூப்பிட்டுக்கிட்டுப் போகுது. நடுவுல நான் யாருங்க?" என்றான் பீரப்பன்.

"எந்த எந்த ஆடு ஏறுச்சு, அதையாவது சொல்லுப்பா."

"நேத்து ஏறுனது இன்னிக்கு ஏறலீங்க. இன்னிக்கு ஏறுனது நாளைக்கு என்ன நெனைக்குமோ."

"ஏன்டா, அந்த மொட்டக்காது தெனமும் ஏறுச்சே?" என்றாள் மாதம்மா.

"அத்திகே, அது மொட்டக்காது இல்ல, மொட்டக்காதோட தங்கச்சி." அண்ணியை அவர்கள் அத்திகே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கா ஆடு தெரியாது?"

"தெரியும். ஆனா கண்ணு தெரியணுமில்ல."

இதற்கிடையில் ஒரு நாள் பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்துவிட்டது. எது மேல் ஆடு, எது கீழ் ஆடு, கீழ் ஆட்டில் எது ஏறியது, எது ஏறவில்லை, ஒன்றும் நிச்சயமில்லை. இருவரும் ஒவ்வோர் ஆட்டையும் முகம் பார்த்துச் சொன்னார்கள்; பல ஆடுகளில் இருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. கேட்கக் கேட்க எனக்குத்தான் தலை சுற்றியது.

தீபம் கழிந்து வியாபாரி வந்தார். டாக்டர் இன்னும் பொம்மிடியில்தான். நான் காலையிலேயே போய் ஒவ்வோர் இமையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேல் மந்தை என்று இருவரும் ஒத்துக்கொண்ட ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இமையில் இலேசாக நிறம் திரும்பியிருந்தது. கீழ் மந்தையில் சிலவற்றுக்கு நிறம் திரும்பியிருந்தது, சிலவற்றின் தாடை இன்னும் தொங்கியது, சில செத்துவிட்டிருந்தன. திரும்பியவை தழை தின்றவையா? அல்லது முதலிலேயே பலமாக இருந்தவையா? எனக்குத் தெரியவில்லை.

வியாபாரி கயிற்றோடு நின்றார். மாதம்மா என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. தழையில மருந்து இருக்குதா?"

அந்த நேரத்தில் 'இருக்கிறது' என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடிக்கும். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். ஆடுகளைக் கீழேயே வைத்துக்கொண்டு, கரட்டிலிருந்து கட்டுக் கட்டாகத் தழையைச் சுமந்து வந்து போட்டு, கவுண்டரின் வாக்கையும் காப்பாற்றிவிடுவாள். தழை மருந்தாக இல்லாவிட்டால் மொத்தப் பட்டியும் அந்த ஈரத்தில் செத்துப்போகும். இல்லை என்று சொன்னாலோ, வியாபாரியின் கையில் கயிறு தயாராக இருந்தது.

"மருந்தான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "ஆனா மேல இருந்தது தேறுது, இது என் கண்ணால பாத்தது. எதனால தேறுச்சோ, மொத்தத்தையும் மேல ஏத்துங்க. ஒரு ஆடுகூடக் கீழ வேண்டாம்."

"தெரியாதுங்கறாரு, ஏத்துங்கறாரு. இது என்ன வைத்தியம்?" என்றார் வியாபாரி.

"கவுண்டருக்கு என்னங்க சொல்லறது?" என்று மாதம்மா கேட்டாள்.

அவள் ஆடுகளைப் பார்த்தாள். பிறகு வியாபாரியைப் பார்த்து, "கயித்தச் சுருட்டிக்கங்க" என்றாள். "இந்தக் கம்பவுண்டரு சட்டுனு ஒரு பொய் சொல்லியிருந்தா வித்துருப்பேன். தெரியாதுன்னாரு. அதனால ஏத்தறேன்."

அது என்ன கணக்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நானாக அதற்கு ஓர் அர்த்தம் கற்பித்துக்கொள்ளவும் விரும்பவில்லை.

கவுண்டரிடம் அவளே போய்ப் பேசினாள். மழை நின்று தரை காய்ந்த பிறகு, மாசியில் இரட்டிப்பு நாள் பட்டி போடுவதாக ஒப்புக்கொண்டாள். "இனிமே உன் புருஷன் வந்துதான் வாங்குன ராகிக்குக் கணக்குச் சொல்லணும்" என்று அவர் முணுமுணுத்தாராம். ஆனால் சம்மதித்தார். மொத்த ஆடும் கரட்டில் ஏறியது. மேலும் சில செத்தன. பெரும்பாலானவை பிழைத்தன.

டாக்டர் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மணி கட்டிய கிடாவைப் பற்றிக் கேட்டபோது முதலில் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

"அட, அதுதான்யா நம்ம சாட்சி! தினமும் காலையில ஈரப்புல்லு, மத்தியானம் தழை, ரெண்டையும் தின்னுச்சுன்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்ச ஒரே ஆடு அது. மணி கட்டியிருக்கு, எல்லாரும் பாக்குறாங்க. அது வயித்துக்குள்ள புழு இல்லன்னா தழையில ஏதோ இருக்கு. இருந்தா, தழை சும்மா."

"ஒரே ஆட்ட வெச்சு எப்படிங்க? வயசான கிடா புழுவத் தாங்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"ஒரு ஆடு போதாதுதான். ஒண்ணுமே இல்லாததுக்கு ஒண்ணு."

கிடாவை அறுத்துப் பார்க்க முடியாது, அது யாருக்காக நேர்ந்ததோ அவன் இன்னும் அஸ்ஸாமில் இருந்தான். மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுது என்றார். தழை தின்ற ஆடும் தின்னாத ஆடும் கலந்துவிட்டன, முடிவு கூற இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்; அதை வைத்து அவர் கடிதம் எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. அவருக்கு மாற்றல் வந்தது. சில ஆண்டுகளில் புதிய புழு மருந்து டப்பாக்களில் வர ஆரம்பித்தது. தழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து, எந்த மாதம் என்று நான் எழுதி வைக்காமல் விட்ட ஒரு மாதத்தில் மாதம்மாவின் கணவன் திரும்பி வந்தான். ஒரு விரல் குறைவு, மற்றபடி நலம். கவுண்டர் வயலில் பட்டி போட்ட கணக்கை மாதம்மா என்றைக்கோ முடித்திருந்தாள். மாசியில் குலசாமிக்கு நேர்ந்த கிடாவை வெட்டுவதாக எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். இத்தனை ஆண்டும் அது காலையில் கீழும் மத்தியானம் மேலுமாகத்தான் திரிந்ததா என்று முதல் காரியமாகக் கேட்டேன். "ஒரு நாள் தப்பலீங்க" என்றான் பீரப்பன்.

நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது வெட்டியாகிவிட்டது. இரைப்பையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். அவர்கள் குடும்பத்து வழக்கப்படி, நேர்ந்த கிடாவின் குடலையும் இரைப்பையையும் வெட்டியவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்கக்கூடாது. எல்லையில் குழி வெட்டிப் புதைத்து மேலே கல் வைத்துவிடுவார்கள். கல் வைத்தாயிற்று.

"மத்தது என்ன வேணும்னாலும் கேளுங்க. இது மட்டும் வேணாம்" என்றாள் மாதம்மா. எனக்கு இலை போட்டுப் பரிமாறினாள்.

சாப்பிட்டுக்கொண்டே, வெட்டிய இருவரிடமும், மாதம்மாவின் கணவனிடமும் பீரப்பனிடமும், கேட்டேன்.

"சுத்தமா இருந்துச்சுங்க" என்றான் பீரப்பன். "கழுவி வெச்ச மாதிரி. நானே பிரிச்சேன்."

"என்னடா சொல்லற?" என்றான் அண்ணன். "செவப்பு நூலு மாதிரி நெளிஞ்சுதே, நாந்தான புடிச்சிக்கிட்டிருந்தேன்."

"அது ரத்த நரம்பு."

"நரம்பு நெளியுமாடா?"

"பர்மாவுல பாத்ததையெல்லாம் இங்க சொல்லாத."

"நான் போனது அஸ்ஸாமு."

மாதம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எந்த வயிற்றைப் பார்த்தார்கள், பெரிய இரைப்பையா, கடைசி இரைப்பையா, குடலா என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவன் சொன்னது மற்றவனுக்கு ஒத்துவரவில்லை. இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர். கல்லைப் புரட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விட்டிருக்கமாட்டார்கள்.

ஆகவே என்னைக் கேட்டவர்களுக்கு: வெள்வேலும் விடத்தலையும் தின்று கரட்டில் மேய்ந்த ஆடுகள் ஏரிக்கரை ஆடுகளைவிடத் தேறின. இது நான் கண்டது. தேற்றியது தழையின் துவர்ப்பா, ஈரப்புல்லை விட்டு விலகியதா என்பது நான் காணாதது. இரண்டையும் தின்று திரிந்த அந்தக் கிடாவின் வயிற்றில் புழு இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.